உழைப்பு (கிறிஸ்தவ நோக்கு)

விவிலியத்தில் உழைப்பு தண்டனையாகத் தொடங்கவில்லை. ஏதேனைப் பண்படுத்தும் பொறுப்பு பாவத்துக்கு முன்பே மனிதனிடம் வந்துவிட்டது. வியர்வையும் முள்ளுந்தான் பிறகு வந்தவை. ஏழாம் நாள் ஓய்வோ கட்டளை. உற்பத்தித்திறன் பேசுவோர் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். இலங்கையில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கல்முனையில் இதை விளக்கத் தேவையில்லை: வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குக் கடைக்கதவுகள் இறங்கும்போது வியாபாரமும் காத்திருக்கும்.

இந்நகரில் கிறிஸ்தவத்தின் தடம் பள்ளிக்கூடங்களில் தெரிகிறது: மெதடிஸ்தப் பின்னணியில் உவெஸ்லி உயர்தரப் பாடசாலை, கத்தோலிக்கப் பின்னணியில் கார்மேல் பற்றிமா கல்லூரி. மெதடிஸ்த இயக்கத்தின் முன்னோடி ஜோன் வெஸ்லி, நேர்மையாக ஈட்டுவதையும் சேமிப்பதையும் ஊக்குவித்தார். ஆனால் கொடுக்காமல் சேர்ப்பதைக் கண்டித்தார்.

கத்தோலிக்கப் போதனையில் திருத்தந்தை 13ஆம் லியோவின் 1891 சுற்றுமடல் நியாயக் கூலியை வலியுறுத்தியது. வேலையின் மதிப்பு செய்பவரைச் சார்ந்தது, செய்த பொருளை அல்ல என்றார் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் (1981). செயற்கை நுண்ணறிவு பற்றி 2025 ஜனவரியில் வெளியான வத்திக்கான் ஆவணம், தொழிலாளி இயந்திரத்தின் வேகத்துக்கு ஓட வேண்டிவரும் என எச்சரித்தது. அதே ஆண்டு மே மாதம் திருத்தந்தையாகத் தெரிவான 14ஆம் லியோ, தம் பெயர்த் தேர்வுக்கு 1891 மடலையும் இப்புதிய தொழில்நுட்பத்தையும் காரணமாகச் சொன்னார்.