மலைநாட்டுத் தோட்டங்களில் நீத்தார் நினைவு

இல்வாழ்வான் ஓம்பத்தக்காரை எண்ணப்புகுந்த திருவள்ளுவர் தென்புலத்தாரை முதற்கண் வைத்தார். போரில் வீழ்ந்தார்க்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு துறைகளாக வகுத்தது. மறைந்தாரை மறவாமை தமிழரின் தொன்றுதொட்ட அறம் என்பதற்கு இவை சான்றாவன. ஆயின், கல் நாட்டுதற்கு ஒரு சாண் நிலமும் தமக்கென இல்லாத மக்கள் அவ்வறத்தை எங்ஙனம் காத்தனர்? இவ்வினாவுக்கு விடை நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களிற் கிடைக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகவும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தொடக்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை பரவியபின் அதற்காகவும் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களினின்று மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்தோருட் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் வாழ்ந்த லயமும் தோட்டத்துக்கே உரியது; அவர்களைப் புதைத்த மண்ணும் தோட்டத்துக்கே உரியது. அடையாளமின்றித் தேயிலையின் அடியிற் கிடக்கும் அம்முன்னோரையே சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் கவிதையிற் பாடினார்.

மண்ணில் இடம்பெறாத நினைவு மனைக்குள் இடம்பெற்றது. தப்பொலி சாவை அறிவிக்கப் பெண்டிர் கூடி ஒப்பாரி சொல்வர். மாண்டாரின் உறவும் உழைப்பும் அவர் பட்ட துயரும் அதில் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட குடும்பத்துக்கு அதுவே வரலாற்று ஏடு. பால் தெளித்தலும் கருமாதியும் முடிந்தபின், தீபாவளியை ஒட்டிக் காம்பிராச் சுவரோரம் விளக்கேற்றி, புத்தாடையும் மறைந்தார் விரும்பியுண்ட பண்டங்களும் வைத்துப் படைப்பர். பாட்டன் பெயரைப் பிள்ளைக்கு இடுவதும் வழக்கம். பேரன் என்னும் சொல்லே பெயர் தாங்குவோன் என்னும் பொருளுடையதன்றோ?

இந்நினைவின் அருமையை நாட்டின் சட்டம் அறிந்திலது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தாரும் தம் தந்தையாவது, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இங்குப் பிறந்தமையைக் காட்டவேண்டும் என்றது. முன்னோரை ஆண்டுதோறும் பெயர் சொல்லி அழைத்துப் படைத்தவர்களிடம் அம்முன்னோரின் பிறப்புக்குப் பத்திரம் கேட்கப்பட்டது. நினைவு இருந்தது, பத்திரம் இருந்திலது. இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. பெற்றோரின் புதைகுழி அட்டனிலும், அவர்க்குப் படையலிடும் மகன் நீலகிரியிலும் எனக் குடும்பங்கள் பிரிந்தன. குழியைப் பெயர்த்துச் செல்லுதல் இயலாது. பெயரையும் படையலையும் ஒப்பாரியையும் கொண்டுசென்றனர். ஈண்டு எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிலையாக வாழ்ந்தமையே அப்போது போதிய தகுதியாயிற்று.

அரசர்க்குக் கல்வெட்டு உண்டு; துரைமார்க்குக் கல்லறை உண்டு. தோட்டத் தொழிலாளர்க்கு உள்ளவை பேரனின் பெயரும் பாட்டியின் ஒப்பாரியுமே. வரலாறு பயிலும் மாணவர் அவற்றையும் மூலச் சான்றுகளாகக் கொண்டு, சொல்வார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். பாட்டி மறைந்தபின் அவ்வேட்டைப் படித்துக்காட்டுவார் எவருமிலர்.