ரோம் நகரத்து உடைந்த வாய்க்கால்

1620களில் ரோமில் தங்கியிருந்த டச்சு ஓவியர் பார்த்தலோமியஸ் பிரீன்பெர்க், அங்கிருந்த இடிபாடுகளைத் தேடித் தேடி வரைந்தார். அவர் காலத்து ஓவியர்கள் பலருக்கும் பிடித்த காட்சிகளில் ஒன்று, ஊருக்கு வெளியே வளைவுகளின் மேல் செல்லும் பழைய தண்ணீர் வாய்க்கால். முதலில் இறகுப் பேனாவால் கோடு. பிறகு மையில் தண்ணீர் கலந்து, தூரிகையால் நிழல். நம் பாட்டிகள் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் மாசிக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்துக் காய்ச்சிய மையும் அன்று புழக்கத்தில் இருந்தது. எழுதிய பிறகு கறுப்பாகும். வருடங்கள் போகப் போகப் பழுப்பாகும்.

படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அந்த வாய்க்கால் ஓடிய காலத்தில் பட்ட பாடு, சம்ப்பும் மோட்டாரும் வைத்திருக்கும் நமக்கு நன்றாகவே புரியும்.

ரோமின் தென்கிழக்கே இன்றும் நிற்கும் வளைவுகளில் பல, அக்வா கிளாடியா என்ற வாய்க்காலுடையவை. கி.பி. 38இல் தொடங்கி 52இல் முடித்தார்கள். நீளம் ஏறக்குறைய 69 கிலோமீட்டர். இவ்வளவு செலவு செய்து கட்டியது பத்து வருடம்தான் ஓடியது. பிறகு ஒன்பது வருடம் தண்ணீரே இல்லை. 71இல் பேரரசர் வெஸ்பாசியன் சரிசெய்தார். பத்தே வருடத்தில் அவர் மகன் டைட்டஸ் மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதெல்லாம் ரோமின் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலில் கல்வெட்டாகவே இருக்கிறது.

97இல் நகரத் தண்ணீருக்குப் பொறுப்பேற்ற ஃபுரோன்டினஸ் கணக்கைப் புரட்டினார். அனுமதித்த அளவைவிடப் பெரிய குழாய்கள், தெருவுக்கு அடியில் திருட்டு இணைப்புகள்! ஒரு இணைப்பு கைமாறினால் தொட்டியில் புதுத் துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல், அந்தத் தண்ணீரை ஊழியர்களே விற்றார்கள். (யாருக்காவது யாராவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) திருட்டுக் குழாய்களைப் பிடுங்கியதில் நிறைய ஈயம் கிடைத்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

537இல் நகரை முற்றுகையிட்ட கோத் படையினர் வாய்க்கால்களை உடைத்தார்கள். தண்ணீர் விசையில் சுற்றிய மாவு அரைக்கும் ஆலைகள் நின்றன. தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளைக் கட்டி, அவற்றில் ஆலைகளை ஓடவிட்டார்.

ஓவியர்கள் வந்து சேர்ந்தது அதற்கு ஆயிரம் வருடங்களுக்கும் பிறகு. கி.மு. 19இல் வெட்டிய அக்வா விர்கோ மட்டும், அவ்வப்போது பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் தருகிறது. அதன் பெரும்பகுதி நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. வரைவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.