மூன்றாவது சக்கரம்

மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் தொட்டில் போன்றதொரு பெட்டியைப் பொருத்தி, அதன் அடியில் ஒற்றைச் சக்கரம் வைத்து, தாயையோ மனைவியையோ அதில் அமர்த்திக்கொண்டு ஒருவர் செல்லும் காட்சியை, மாணவர்களாகிய உங்களிற் பலர் பழைய திரைப்படங்களிலேதான் கண்டிருப்பீர்கள். பக்கவண்டி என்று தமிழில் சொல்லலாம். ஆனால் மக்கள் அதைச் சைடுகார் என்றே வழங்கினார்கள். கார் வாங்க வசதியற்ற குடும்பங்களுக்கு ஒரு காலத்தில் அதுவே காராக இருந்தது. அதை ஓட்டப் பழகுவது தனியானதொரு வித்தை. இரு சக்கர வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கே அது மிகவும் கடினமாயிருந்தது என்பதுதான் இதில் வியப்பு.

மோட்டார் சைக்கிள் தோன்றிய தொடக்க ஆண்டுகளில், உடன் வருபவரை எங்கே உட்கார வைப்பது என்பது பெருங்கேள்வியாக இருந்தது. பின்னால் ஓர் இழுவண்டியைக் கட்டிப் பார்த்தார்கள். அதில் அமர்ந்தவர் வழியெல்லாம் புழுதியையும் புகையையும் உண்டார். இணைப்புக் கழன்றுவிட்டாலோ, முன்னே செல்பவர் அதை அறியாமலே போய்விடக் கூடும். பிறகு முன்னால் இருக்கை அமைத்தார்கள். புழுதி தொலைந்தது, ஆனால் எதிலேனும் மோத நேர்ந்தால் முதலில் மோதுபவர் அந்த விருந்தினரே ஆனார். முன்னும் ஆகாது, பின்னும் ஆகாது என்ற நிலையில்தான் பக்கம் நினைவுக்கு வந்தது. 1903 ஜனவரியில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் இத்தகைய வண்டி கேலிச் சித்திரமாக வெளிவந்தது. மூன்று வாரங்களுக்குள், இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்னும் ஊரைச் சேர்ந்த கிரகாம் என்பவர் அதற்குத் தற்காலிகக் காப்புரிமை பெற்றார். கேலிக்கு வரைந்தது காசுக்கு ஆயிற்று.

சைடுகார் என்றால் ஆண் ஓட்டுவதும் பெண் அமர்ந்திருப்பதும் என்று எண்ணிவிட வேண்டா. 1915-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த எஃபி ஹாட்ச்கிஸ் என்னும் இளம்பெண், தம் தாய் ஏவிஸை ஹார்லி டேவிட்சன் வண்டியின் சைடுகாரில் அமர்த்திக்கொண்டு நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை சென்று திரும்பினார். அட்லாண்டிக் கடலின் நீரை எடுத்துச் சென்று பசிபிக் கடலில் ஊற்றினாராம். கங்கை நீரை இராமேசுவரத்துக்குச் சுமந்து வந்த நம் முன்னோருக்கு இச்செய்கை புதுமையாகத் தோன்றியிராது. சாலை என்று சொல்லத்தக்க சாலையே பல இடங்களில் இல்லாத காலத்தில், ஒரு கண்டத்தின் குறுக்கே வயது முதிர்ந்த தாயைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது அந்த மூன்றாவது சக்கரம்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவையின் ஜி. டி. நாயுடு, கலங்கல் கிராமத்தில் சிறுவராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கினார். பின்னர் கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் உடனே ஊர்வலம் வரவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். ஓட்டக் கற்பதும் பொறியைக் கற்பதும் அவருக்கு ஒரே பாடமாக இருந்தன. 1920-இல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியதற்கு அந்தப் பாடமே முதல் என்று கருதுகிறேன். பின்னர், 1955-இல், மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூடி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தலைப்பட்டன. இராணுவமும் காவல் துறையும் அவற்றை வாங்கின. சைடுகாருக்குக் காப்புரிமை பெற்றவரின் ஊர்ப் பெயரும் இவ்வண்டியின் பெயரும் ஒன்றாக அமைந்தது ஓர் இனிய பொருத்தம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், கழற்றக்கூடிய சைடுகார் பூட்டிய வண்டியையும் இரு சக்கர மோட்டார் சைக்கிள் என்றே வகுக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஓட்டுபவரின் கைக்கோ இரண்டும் முற்றிலும் வேறு.

காரணத்தைச் சொல்கிறேன். இரு சக்கர வண்டி திரும்பும்போது சாய்கிறது. வேகமாகச் செல்லும் வண்டியை இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால், கைப்பிடி முதலில் கணநேரம் வலப்பக்கம் அசைகிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, பிறகுதான் திரும்புகிறது. சைக்கிள் ஓட்டும் நீங்கள் அனைவரும் நாள்தோறும் இதைச் செய்கிறீர்கள், செய்வதை அறிவதில்லை. விமானம் கண்ட வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுவோர் பலரை வினவியும் இவ்வுண்மையை உணர்ந்தவரைக் காண்பது அரிதாயிருந்தது என்று குறித்திருக்கிறார். சைடுகார் பூட்டிய வண்டியோ சாயாது. இடப்பக்கம் போக, கைப்பிடியை இடப்பக்கமே திருப்ப வேண்டும். பழகிய கை தன் பழைய வழக்கத்தைக் காட்டினால் வண்டி எதிர்த்திசையில் பாயும். இரு சக்கர வண்டியையே தொட்டறியாதவர் இதில் விரைவிற் கற்றுவிடக் காண்பதன் காரணம் இதுவே; அவருக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஒருவர் கடலூரில் கற்கத் தொடங்கிச் சிதம்பரம் வரை ஓட்டிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதற்பாடம் மஞ்சை நகர் மைதானத்தில். சைடுகாரில் ஆளில்லை என்பதால் மணல் மூட்டை ஒன்றை அதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள். ஆகவே சைடுகாரும் இடப்பக்கமே பூட்டப்படுகிறது. இப்போது விசையைக் கூட்டினால் மோட்டார் சைக்கிள் முந்துகிறது, பாரமான பெட்டி பின்தங்குகிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. தடையை அழுத்தினால் பெட்டி முந்தப் பார்க்கிறது. வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. வட்டமாகவும் பிறகு எட்டுப் போலவும் பல முறை ஓட்டினாலன்றி இவ்விரு இழுப்பும் கைக்கு வசமாகா.

மைதானம் விட்டுக் கெடிலத்துப் பாலம் கடந்து, திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் வழியே தெற்கே சென்றால் சாலை தன் பாடத்தைத் தொடங்கும். மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி இரு ஓரமும் தாழ்த்தி அமைப்பார்கள். அந்தச் சரிவு வண்டியை இடையறாது இடப்பக்கம் இழுக்கும். அதற்காகவே நல்ல தொழிலாளி சைடுகாரைப் பூட்டும்போது, மோட்டார் சைக்கிளைச் சற்றே வலப்பக்கம் சாய்த்தும், பக்கச் சக்கரத்தின் முன்முனையைச் சற்றே உள்நோக்கியும் வைப்பார். இந்த அளவு தவறினால் ஓட்டுபவரின் தோள் ஆலப்பாக்கம் வருவதற்குள் அதைச் சொல்லிவிடும். புதுச்சத்திரம் தாண்டி, வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை நெருங்கினால், வாய்க்கால்களும் மதகுகளும் உள்ள நாடு. தம் இடப்பக்கம் வண்டி எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதை மறந்தவர் மதகுச் சுவரில் உரசுவார். சுமார் 45 கிலோமீட்டர் வழி. கற்பவருக்கு அது நீண்ட வழிதான்.

சிதம்பரத்தின் நான்கு தேர் வீதிகளில் இப்பாடம் முழுமை பெறுகிறது. கீழ வீதியில் தொடங்கி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று கோயிலை வலம் வந்தால் நான்கு திருப்பங்களும் வலப்பக்கத் திருப்பங்கள். வண்டியின் பாரம் வெளிப்புறமாகச் சென்று சைடுகாரின் சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். எதிர்வரும் வண்டிகளைக் கவனித்து, அளவான வேகத்தில் சென்றால் அச்சமில்லை. அதே வீதிகளை இடமாகச் சுற்றினால் நான்கும் இடப்பக்கத் திருப்பங்கள். பாரம் வலப்பக்கம் தள்ள, சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். பெட்டி காலியாக இருந்தால் இன்னும் எளிதில் எழும்பும். வேகத்தை முன்னதாகவே குறைத்து, உடலை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். எழும்பிவிட்டால் பதறாமல் கைப்பிடியைச் சிறிது நேராக்கினால் சக்கரம் தரையிறங்கும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முன்னாள் இவ்வீதிகளில் ஓடும் தேரைக் கண்டவர்களுக்கு ஒன்று நினைவு வரும். தேரும் திருப்பத்தில் சாய்வதில்லை. மூலைக்கு மூலை நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, வடம் பிடித்துத்தான் அதைத் திருப்புகிறார்கள். சாயாத வண்டிக்கு அவசரம் ஆகாது என்பதை நம் தச்சர்கள் மோட்டார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

கற்க வேண்டியவர் ஓட்டுபவர் மட்டுமல்லர். பெட்டியில் அமர்ந்தவரும் சாய வேண்டும். 1923-இல் இங்கிலாந்தையடுத்த மான் தீவில் நடந்த முதற் சைடுகார்ப் பந்தயத்தில் ஃபிரெடி டிக்சன் வென்றார். அவருடைய வண்டியில், திருப்பத்துக்கேற்பச் சைடுகாரைத் தாழ்த்தவும் உயர்த்தவும் ஒரு கருவி இருந்தது. அதை இயக்கியவர் உடன் அமர்ந்தவரே. 1949-இல் தொடங்கிய உலகப் போட்டிகளிலும் வெற்றியாளர்களாக இருவர் பெயரும் சேர்த்தே பேசப்படுகின்றன.

சைடுகாரை வீழ்த்தியது மலிவான கார். இங்கிலாந்தில் 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் அதற்கு முதல் அடி. 1959-இல் வந்த மினி மற்றொரு பேரடி. இந்தியாவில் கார் அருமையாகவே இருந்தமையால், புல்லட்டிலும் ஸ்கூட்டரிலும் பூட்டிய சைடுகார்கள் இன்னும் சில காலம் குடும்பங்களைச் சுமந்தன. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு அவை மெல்ல மறைந்தன.

ஆனால் கூடுதல் சக்கரத்தின் தேவை மறையவில்லை. கால் ஊன்ற இயலாதவருக்கு இரு சக்கர வண்டி எட்டாத பொருள். நிற்குமிடந்தோறும் அது காலைக் கேட்கும். தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும், பின்புறம் இருபக்கமும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை இன்று கடலூரிலும் சிதம்பரத்திலும் காணலாம். கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் பிறர் துணையின்றிச் செல்பவர்கள் அவற்றில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வண்டியும் சாயாது. கைப்பிடியைப் போகும் பக்கமே திருப்ப வேண்டும். சக்கரம் இருபுறமும் இருப்பதால், தேர் வீதியை வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் மூலையில் ஒரே அளவு நிதானம் வேண்டும்.