வரைபடத்தின் எல்லைகள்

வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து, அவற்றை ஒரு வளைகோட்டால் இணைத்துவிட்டால் வேலை தீர்ந்தது என்று மாணவர்கள் எண்ணுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வரைந்த கோட்டை நோக்கி நாம் இரண்டு வினாக்களைக் கேட்டாக வேண்டும். இக்கோடு எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது? அவ்வெல்லைக்குள் இது எந்தெந்த மதிப்புகளைத் தருகிறது? முதல் வினாவுக்கு விடை, சார்பின் மதிப்பகம். இரண்டாவதற்கு விடை, அதன் வீச்சகம். கேட்பதற்கு எளியவையே. ஆயினும் இவ்வினாக்கள் தெளிவாக உருப்பெற ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

பதினான்காம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் நிக்கோல் ஓரெம் என்னும் அறிஞர் வாழ்ந்தார். பிற்காலத்தில் பிஷப்பாக விளங்கி, 1382-ம் ஆண்டில் மறைந்தவர். ஓடுகின்ற ஒரு பொருளின் வேகம் கணந்தோறும் மாறுவதைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். கிடையாக ஓர் அடிக்கோட்டை வரைந்தார், அது காலம். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக ஒரு கோட்டை நிறுத்தினார். அதன் உயரம் அக்கணத்து வேகம். அவர் வரைந்த அடிக்கோட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு என்பதைக் கவனியுங்கள். மதிப்பகம் என்ற சொல் பிறக்குமுன்பே, அதன் கருத்து அந்த அடிக்கோட்டில் கிடந்தது எனலாம்.

1637-ம் ஆண்டில் டேக்கார்ட் தமது வடிவ கணித நூலை வெளியிட்டார். அதே காலத்தில் பெர்மா என்பாரும் அவ்வழியிலேயே சிந்தித்து வந்தார். வளைகோடு ஒவ்வொன்றையும் ஒரு சமன்பாட்டால் எழுதலாம் என்பது இவ்விருவரும் உலகுக்கு அளித்த செல்வம். ஆனால் இதனால் ஒரு மயக்கமும் விளைந்தது. சமன்பாடு அரசனாயிற்று; படம் அதன் பணியாளாயிற்று. 1748-ம் ஆண்டில் வெளிவந்த நூலில், மாமேதை ஆயிலர், சார்பு என்பது மாறியையும் எண்களையும் கொண்டு எழுதப்படும் ஒரு கோவையே என்று வரையறுத்தார். பின்னர் 1755-ல் அவரே இதனினும் விரிந்த ஒரு விளக்கத்தைத் தந்தார். எனினும் கோவையே சார்பு என்ற எண்ணம் எளிதில் மறையவில்லை.

இவ்வெண்ணத்தின் குறை யாது? ஒரு பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிவதாகக் கொள்வோம். புவியீர்ப்பின் முடுக்கத்தை 10 என எடுத்துக்கொண்டால், பந்தின் உயரத்தைக் காண, காலத்தை 20-ஆல் பெருக்கி, காலத்தின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கி, முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க வேண்டும். 2-வது வினாடியில் பந்து 20 மீட்டர் உயரத்தை எட்டும். 4-வது வினாடியில் தரையைத் தொடும். ஐந்தாவது வினாடியில் என்ன ஆகும் என்று கோவையைக் கேட்டால், பந்து தரைக்குக் கீழே 25 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று தயங்காமல் விடை சொல்லும்! கோவைக்குத் தரை தெரியாது. தரையை அறிந்தவர் நாமே. ஆகையால் எல்லையை வகுக்க வேண்டியவரும் நாமே.

இதனை ஐயமறச் சொன்னவர் ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிஷ்லே. இளமையில் அவர் பாரிஸ் நகரில் கற்றவர். வெப்பம் பரவும் முறையை ஆராய்ந்து 1822-ல் பெருநூல் வெளியிட்ட பூரியேயுடன் பழகியவர். 1837-ல் எழுதிய கட்டுரையில், அவர் முதலில் இரண்டு எண்களை நிலைநிறுத்தினார். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஒரு விளைவு அமையுமானால் அது சார்பு. முழுவதையும் ஒரே கோவை ஆள வேண்டுவதில்லை என்றார். எல்லை முதலில், விதி பின்னர்! முன்னமே, 1829-ல், அவர் ஒரு வியத்தகு சார்பைக் காட்டியிருந்தார். விகிதமுறு எண்களுக்கெல்லாம் ஒரு மதிப்பு. விகிதமுறா எண்களுக்கெல்லாம் வேறொரு மதிப்பு. அதன் வீச்சகத்தில் இரண்டே எண்கள். ஆயினும் அதன் வரைபடத்தை எவராலும் வரைய இயலாது.

வரையத்தக்க படங்களில் இவ்வெல்லைகளைக் காண எளிய வழி ஒன்று உண்டு. வளைகோட்டின் மீது நேர் மேலிருந்தும் நேர் கீழிருந்தும் ஒளி விழுவதாக எண்ணுங்கள். கிடை அச்சில் படியும் நிழலே மதிப்பகம். பிறகு இரு பக்கங்களிலிருந்தும் ஒளி விழுவதாக எண்ணுங்கள். செங்குத்து அச்சில் படியும் நிழலே வீச்சகம். நமது பந்தின் வரைபடத்தில் முதல் நிழல் 0 முதல் 4 வினாடி வரை. இரண்டாவது நிழல் 0 முதல் 20 மீட்டர் வரை. கோட்டின் முனையில் நிறைந்த புள்ளி இருந்தால் அம்முனையும் சேரும். வெற்று வட்டம் இருந்தால் சேராது. நிழலில் இடைவெளி விழுந்தால், அவ்விடத்து மதிப்புகளும் சேரா.

இது தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் என்று கருத வேண்டா. 1986-ம் ஆண்டு ஜனவரி 28-ம் நாள், அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து, எழுவர் உயிரிழந்தனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரிவரப் பணியாற்றமாட்டா என்று பொறியாளர்கள் அஞ்சினர். அதுவரை நடந்த பயணங்களில், இணைப்பின் வெப்பநிலை பாரன்ஹீட் அளவில் 53 டிகிரிக்குக் குறைந்ததில்லை. அதற்குக் கீழே ஏவ வேண்டா என்று முந்தைய இரவு அவர்கள் பரிந்துரைத்தனர். கணித மொழியில் சொன்னால், மதிப்பகத்தைத் தாண்டாதீர் என்பதே அவ்வுரை. அது ஏற்கப்படவில்லை. மறுநாள் ஏவுதளத்தில் காற்றின் வெப்பநிலை 36 டிகிரியே இருந்தது.

மற்றொரு பிழையும் நேர்ந்திருந்ததை விசாரணைக் குழு பின்னர் எடுத்துக்காட்டியது. வளையம் பழுதுற்ற பயணங்களை மட்டுமே வெப்பநிலையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தனர். அவை 53 டிகிரியிலும் இருந்தன, 75 டிகிரியிலும் இருந்தன. ஆகவே குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு புலப்படவில்லை. பழுதே நேராத பயணங்களையும் சேர்த்து வரைந்தபோது உண்மை பளிச்சிட்டது. 63 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த நான்கு பயணங்களிலும் பழுது உண்டு. 66 டிகிரியும் அதற்கு மேலும் நடந்தவற்றில் மிகச் சிலவற்றிலேயே உண்டு. பழுதின் எண்ணிக்கை பூஜ்யம் என்பதும் வீச்சகத்தைச் சேர்ந்த ஒரு மதிப்பே என்பதை அவர்கள் மறந்தனர்.

மாணவ நண்பர்களே, வரைபடம் தன் எல்லைக்குள் உண்மை பேசும்; எல்லைக்கு அப்பால் அது பேசுவதில்லை, நாம்தான் பேசுகிறோம். ஆகவே எந்த வரைபடத்தைக் கண்டாலும் அதன் இரு நிழல்களையும் முதலில் அளந்து பாருங்கள்.