ஒரு அடி பலகை: நாஞ்சில் நாட்டு லாரியும் விபத்துச் சட்டமும்

இந்த அத்தியாயத்தை எங்க அப்பாவோட பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். தக்கலைக்குப் பக்கத்தில் சின்ன வெல்டிங் பட்டறை. கேட், ஜன்னல் கம்பி, தண்ணித் தொட்டி மூடி, எல்லாம் செய்வார். நல்ல காசு வந்தது லாரி வேலையில்தான். குவாரிக்கு ஓடுகிற டிப்பரைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணாச்சி, பக்கத்துல ஒரு அடி ஏத்திக் குடுங்க" என்பார்கள். அப்பா தகடு வெட்டி, ஆங்கிள் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். சிலர் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட வேறு பட்டறைக்குப் போவார்கள். யாருக்கும் இது தப்பான காரியமாகத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போகணும்.

நாஞ்சில் நாட்டில் வண்டி என்றாலே, வாங்கின பிறகு நம்ம தேவைக்குத் திருத்திக்கொள்வதுதான். மாட்டுவண்டிக்கு வைக்கோல் ஏற்றணுமா, முளைக்கம்பை உயரமாக நட்டு, கயிறு கட்டி, வீட்டு உயரத்துக்கு அடுக்குவார்கள். உரம் ஏற்றணுமா, பக்கத்துக்கு ஓலைத்தட்டி. மாடு இழுக்கிற வேகத்தில் அது பெரிய ஆபத்து இல்லை. பாரம் கூடினால் மாடே நின்றுவிடும். இன்ஜின் அப்படி நிற்காது, இழுத்துக்கிட்டே போகும். கஷ்டம் எல்லாம் நிறுத்தும்போதுதான்.

மோட்டார் வந்தபோதும் இதே பழக்கம் தொடர்ந்தது. அப்போது நம்ம மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா அரசு போக்குவரத்துத் துறையைத் தொடங்கி வைத்தார். அதை நடத்த லண்டன் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி.சால்ட்டர் என்பவரை அழைத்து வந்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தது வெறும் கோமர் சேஸ்தான். அதன்மேல் கூண்டு கட்டினது இங்கே உள்ள ஆட்கள். சேஸ் ஒரு இடம், பாடி இன்னொரு இடம் என்கிற இந்த முறைதான் பின்னாடி நாடு முழுக்க லாரிக்கும் பஸ்ஸுக்கும் வழக்கமாச்சு. நாமக்கல், கரூர் பக்கம் அது பெருந்தொழிலாகவே வளர்ந்தது. ஆக, கம்பெனி கொடுத்த வண்டியில் கைவைப்பது நம்ம ஊரில் குற்றமாகத் தொடங்கவில்லை, தொழிலாகத் தொடங்கியது.

சட்டமும் முதலில் அப்படித்தான் பார்த்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டியை மாற்றினால் பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும் என்றுதான் இருந்தது. 1988 சட்டம் ஒரு படி மேலே போய், 52-ஆவது பிரிவில் அனுமதி வாங்கணும் என்றது. 2000-இல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது: தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டதுக்கு மாறாக ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. முதலில் 'சொல்லு', அப்புறம் 'கேளு', கடைசியில் 'தொடாதே'. அறுபது வருஷத்தில் சட்டம் நடந்த தூரம் இது. எரிவாயுவுக்கு மாற்றுவது, மாற்றுத்திறனாளி ஓட்டும்படி அமைப்பது மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் தனி வழி உண்டு.

இந்த விதியை எவ்வளவு கண்டிப்பாகப் படிக்கணும் என்கிற வழக்கு நம்ம பக்கத்து வீடான கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போச்சு. 2019 ஜனவரி 9-ஆம் தேதி தீர்ப்பு. உயர் நீதிமன்றம் கொடுத்த சலுகையை ரத்து செய்து, அசல் வடிவத்துக்கு மாறான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் தண்டனையும் கூடியது. சட்டவிரோதமாக வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு கூடின லோடை அங்கேயே இறக்கணும்.

இனி அந்த ஒரு அடிக் கணக்கைப் பார்ப்போம். பதினாலு அடி நீளம், ஏழு அடி அகலம் உள்ள தொட்டியில் ஒரு அடி ஏற்றினால் 98 கன அடி. ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு யூனிட் ஜல்லி நாலு டன்னுக்கு மேல். அந்தக் காலத்து இரண்டு ஆக்சில் டிப்பர் சட்டப்படி ஏற்றக்கூடியது ஏறக்குறைய 10 டன். அதில் நாலு டன் கூடுதல்! பிரேக் அதே பிரேக், டயர் அதே டயர். பாரமும் மேலே ஏறுவதால் வளைவில் வண்டி சாயும். ரோட்டுக்கும் கேடுதான். அமெரிக்காவில் 1950-களின் கடைசியில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்த கணக்குப்படி, ஒரு ஆக்சிலின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் பதினாறு மடங்கு வரை போகும்.

இதெல்லாம் அகலமான ரோட்டில் அல்ல. 2011 கணக்கெடுப்பில் இங்கே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் ஊர் எங்கே முடிந்து ஊர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வீட்டு நடையிலிருந்து இறங்கினால் ரோடு. அதில்தான் பள்ளிப் பிள்ளைகளும் போகணும், களியக்காவிளை தாண்டிக் கல்லும் மணலும் கொண்டு போகிற டாரஸும் போகணும்.

1998 என்று நினைக்கிறேன். அப்பா பலகை ஏற்றிக் கொடுத்த ஒரு டிப்பர், ஒரு இறக்கத்தில் நிற்காமல் போய் ஒரு ஸ்கூட்டர்காரரை அடித்துவிட்டது. ஆள் அங்கேயே போயிட்டார். மறுநாள் பேப்பரில் படம். அப்பா கண்ணாடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். "இது நம்ம தையலாக்கும்" என்றார். வெல்டிங் ஓடின தடத்தை அவர் தையல் என்றுதான் சொல்வார்.

எம்.சி.ஓ.பி. கேஸ் நடந்தது. அப்பா இரண்டு தடவை கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் வழக்கமான ஒரே வரி: இயந்திரக் கோளாறால் விபத்து நடக்கவில்லை. பிரேக் வேலை செய்கிறது, ஸ்டியரிங் வேலை செய்கிறது, உண்மைதான். ஒரு அடிப் பலகை கோளாறில் சேராது. லோடை எடை போட்ட சீட்டும் இல்லை. காப்பீட்டு வக்கீல் ஸ்கூட்டர்காரர் பக்கமும் தப்பு உண்டு என்று வாதாட, தொகை குறைந்தது.

இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாறும் இங்கேதான் நமக்கு வேண்டும். 1855-லேயே உயிரிழப்பு விபத்துச் சட்டம் இருந்தது. ஆனால் சாதாரண சிவில் வழக்குப் போடணும், ஜெயித்தாலும் வண்டிக்காரனிடம் பணம் இருக்கணும். பிரிட்டனில் 1930-இல் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. பிரிட்டிஷ் இந்தியாவில் அது 1946-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தனித் தீர்ப்பாயத்துக்கான திருத்தம் 1956-இல். நம்ம மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த அதே வருஷம். யார் தப்பு என்று பார்க்காமல் ஒரு தொகை கொடுக்கணும் என்கிற ஏற்பாடு 1982-இல் வந்தது. அன்றைக்கு உயிருக்கு 15,000 ரூபாய், இப்போது அந்த வழியில் 5 லட்சம். 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் உரிமத்தில் குறை இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வழி செய்தது.

இந்த வரலாறு முழுக்க ஒரே கவலை: செத்தவர் வீட்டுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேரும்? அது நல்ல கவலைதான், அது இல்லாவிட்டால் பல குடும்பம் தெருவில் நின்றிருக்கும். ஆனால் பணத்தைக் காப்பீடு கொடுத்துவிடுவதால், பலகை ஏன் ஏறியது என்ற கேள்வியைக் கேட்கத் தீர்ப்பாயத்தில் யாருக்கும் அவசரம் இல்லை. ஓட்டுநர்மேல் குற்ற வழக்கு, நிறுவனத்தின்மேல் பணம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினவரும், கூடுதல் லோடு கேட்டு வாங்கினவரும், பற்றவைத்தவரும் பின்வரிசையிலேயே இருந்துவிடலாம்.

அதனால் ஒன்று சொல்லுகேன், பாத்துக்கிடுங்க. வேண்டப்பட்டவர்களுக்கு இப்படி ஒன்று நடந்துவிட்டால், லோடை இறக்கும் முன்னே எடைமேடைச் சீட்டு கேளுங்க. நடைச்சீட்டில் எழுதின அளவையும் ஆர்.சி.யில் உள்ள எடையையும் ஒப்பிடச் சொல்லுங்க. வண்டியைப் பக்கவாட்டில் படம் எடுங்க, பலகையின் உயரம் தெரியணும். மனுவை ஆறு மாதத்துக்குள் போடணும் என்று இப்போதைய சட்டத்தில் எழுதியிருக்கு, தள்ளிப் போடாதீங்க.

அப்பா அதுக்கப்புறம் பலகை ஏற்றவில்லை. வருமானம் குறைந்தது, அம்மாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம். வந்தவர்களிடம் காரணம் சொல்லமாட்டார், "தகடு இல்ல" என்பார். அவர்கள் அடுத்த பட்டறைக்குப் போய் ஏற்றிக்கொண்டார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம். ரோட்டைப் பார்த்துப் போங்க.