கடைவாய்ப் பல்லில் ஒளிந்திருந்த நான்காவது குழாய்

கடைவாய்ப் பல்லின் வேருக்கு மருத்துவம் செய்துகொண்ட சிலர், "குடைந்தாயிற்று, அடைத்தாயிற்று, பிறகும் வலி விடவில்லையே" என்று நொந்துகொள்வதைக் கேட்டிருப்பீர்கள். முடிவில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு, "நமக்கு வாய்த்த பல் அவ்வளவுதான்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். அப்படி வருந்திய பலருக்கு வலி தந்தது, டாக்டர் கண்ணுக்கும் தப்பிய ஒரு சிறு குழாய். அதை மருத்துவ உலகம் கண்டுகொண்ட வரலாற்றை இன்று பார்ப்போம். அந்த வரலாற்றில் ரப்பர்ப் பாலுக்கும் பங்கு உண்டு.

பல் வெளியே கல்லைப் போல இருந்தாலும், உள்ளே உயிருள்ளது. அதன் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கூடிய மெல்லிய சதை இருக்கிறது. அந்தச் சதை வேருக்குள் இறங்கிச் செல்லும் வழியே வேர்க்குழாய். சொத்தை ஆழமாகிவிட்டால் சதை அழுகிப்போகும். குழாயில் கிருமிகள் குடியேறும். குழாய்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பல் பிழைக்கும். ஒன்றை விட்டுவிட்டால், முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்த கதைதான்.

அடைப்பதற்கு ஏற்ற பொருள் நம் நாட்டுப் பக்கத்திலிருந்தே போயிற்று. தாபான் என்னும் காட்டு மரத்தின் பாலை மலாய் மக்கள் 'கெத்தா பெர்ச்சா' என்றார்கள். அது வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். பாராங் கத்திக்கு அதனால் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் வில்லியம் மாண்ட்கோமெரி 1843இல் அதன் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். 1867இல் போமன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் வேர்க்குழாயை அதைக்கொண்டு அடைத்தார். இன்றும் பல் டாக்டர்கள் அதைக்கொண்டே அடைக்கிறார்கள்.

அடைக்கப் பொருள் கிடைத்துவிட்டது. ஆனால் எத்தனை குழாய்களை அடைப்பது? மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. மூன்று வேருக்கு மூன்று குழாய் என்று எண்ணுவது இயல்புதானே? பல்லை உடைத்துப் பார்த்தால் குழாய் சிதைந்துவிடும். எக்ஸ்ரே படத்திலோ, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் இரண்டு குழாய்கள் ஒரே கோடாகத் தெரியும்.

இந்தப் புதிருக்கு விடை தேடியவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரைச் சேர்ந்த வால்டர் ஹெஸ். பொய்ப்பல் கட்டுவதற்கு அந்நாளில் பல் மருத்துவர்கள் ரப்பரைப் பயன்படுத்தினார்கள். அந்த ரப்பரையே அவர் எடுத்துக்கொண்டார். பிடுங்கிய பற்களின் குழாய்களுக்குள் அதைச் செலுத்தி, சூடேற்றிக் கெட்டியாக்கினார். பிறகு பல்லை அமிலத்தில் போட்டுக் கரைத்தார். பல் மறைந்தது, குழாயின் வடிவம் ரப்பராக நின்றது.

மரம் சீவியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதல் நாள் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை மறுநாள் காலையில் உரித்தால், கோடு எப்படி வளைந்ததோ அப்படியே நாடாவாக வருமல்லவா? அதே முறைதான். அக்காலத்தில் உலகச் சந்தைக்குச் சென்ற ரப்பரில் பெரும் பங்கு, நம் முன்னோர் உழைத்த மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்றது.

ஏறத்தாழ 2,800 பற்களை ஹெஸ் இவ்வாறு ஆராய்ந்தார். 1917இல் ஜெர்மன் மொழியிலும், 1925இல் ஆங்கிலத்திலும் அவருடைய ஆய்வு வெளிவந்தது. குழாய்கள் பிரிந்தன, சேர்ந்தன, மரக்கிளை போலப் படர்ந்தன. மேல் முதல் கடைவாய்ப் பற்கள் பலவற்றில், கன்னத்துப் பக்கத்து முன்வேருக்குள் இரண்டு குழாய்கள் இருந்தன. ஆக மொத்தம் நான்கு!

ஆனாலும் மூன்றைத் தேடும் பழக்கம் நீங்க நெடுங்காலம் ஆயிற்று. 1969இல் அமெரிக்காவில் பிராங்கிளின் வெய்னும் அவருடைய குழுவினரும் 208 பற்களின் அந்த ஒரு வேரைத் தேய்த்து உள்ளே பார்த்தார்கள். பாதிக்குச் சற்று அதிகமானவற்றில் இரண்டு குழாய்கள் இருந்தன. 1990இல் குலில்டு, பீட்டர்ஸ் என்னும் இருவர் 83 மேல் கடைவாய்ப் பற்களை ஆராய்ந்தார்கள். கைக்கருவியால் மட்டும் தேடியபோது 54 விழுக்காட்டில் இரண்டாவது குழாய் அகப்பட்டது. துளைக்கும் கருவியும் மைக்ரோஸ்கோப்பும் சேர்ந்தபோது அது 95 விழுக்காடாயிற்று. பல்லின் உள்ளே ஒரு சிறு திட்டின் அடியில் அதன் வாய் மறைந்திருந்ததே காரணம். பல் மாறவில்லை, பார்வைதான் கூர்மையாயிற்று.

எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்று சொல்வதற்கும் இல்லை. சிலருக்கு வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குழாய்கள் குறைந்தும் இருக்கும். ஒரே லயத்து வீடுகளில் வாழ்ந்தாலும் முகங்கள் வேறுபடுவது போல, பல்லின் உள்ளமைப்பும் வேறுபடும்.

தாய்மார்களே, இதிலிருந்து நாம் இரண்டு செய்திகளை நினைவில் கொள்வோம். மேல் முதல் கடைவாய்ப் பல் ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பின்னால் முளைக்கிறது. அதையும் பால்பல் என்று எண்ணிச் சொத்தையாக விட்டுவிடாதீர்கள். அது போனால் வேறு பல் முளைக்காது. இரண்டாவது, மருத்துவம் செய்த பல் மீண்டும் வலித்தால், விதி என்று வீட்டில் இருந்துவிடாமல் டாக்டரிடம் திரும்பச் செல்லுங்கள். "இன்னொரு குழாய் இருக்குமோ, ஐயா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர்களே பல்லாண்டுகள் கேட்டுவந்த கேள்விதான் அது.