பிராட்பேண்டும் ஹார்ட் டிஸ்க்கும் – ஒரு சின்ன வரலாறு

இணையம் வேகமானால் கணினியில் சேமிக்கும் இடம் ஏன் அதிகம் தேவைப்படுகிறது? நம் நாட்டில் நடந்ததை வைத்தே பார்ப்போம் நண்பர்களே.

1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. டயல்-அப் காலத்தில் ஒரு பாட்டை இறக்கவே பொறுமை வேண்டும். அதனால் சினிமாவும் பாட்டும் சிடியில்தான் வீட்டுக்கு வந்தன.

2004 அக்டோபரில் வந்த மத்திய அரசின் கொள்கை, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' தொடங்கியது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. ஆனால் பின்னர் சில திட்டங்களில் இரவு 2 முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது.

இங்கே ஒரு கணக்கு. 256 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 32 கேபி. ஆறு மணி நேரத்துக்குச் சுமார் 690 எம்பி. ஒரு சிடியின் கொள்ளளவு 700 எம்பி! அதாவது இரவுக்கு ஒரு சிடி, மாதத்துக்கு 20 ஜிபி. அன்று பல வீடுகளில் இருந்த 40 ஜிபி டிஸ்க் இரண்டே மாதத்தில் நிரம்பிவிடும். 2007-ல் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை உயர்ந்தது. இப்போது ஓர் இரவில் ஒரு டிவிடி (4.7 ஜிபி) இறக்கலாம்.

எங்கள் விரிஞ்சிபுரத்தில் சித்தப்பா அலாரம் வைத்து 2 மணிக்கு எழுந்து டவுன்லோட் போட்டுவிட்டுப் படுப்பாராம். 80 ஜிபி போதாமல் வேலூர் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இறக்கி வைக்கும் பழக்கம் குறைந்தது. அப்படியானால் சேமிப்புத் தேவையும் குறைந்ததா? இல்லை, இடம்தான் மாறியது. நாம் பார்க்கும் படம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில், தரத்துக்கு ஒன்றாகப் பல பிரதிகளாக இருக்கிறது. நம் போன் அதில் சில நொடிகளை மட்டும் மெமரியில் வாங்கி, காட்டிவிட்டு அழித்துவிடுகிறது.

இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. சித்தப்பாவின் பழைய டிஸ்க்கில் எங்கள் ஊர்க் கடை ஞாயிறு திருவிழா வீடியோ இன்னும் ஓடுகிறது. அதில் மறைந்த எங்கள் பாட்டி சிரிக்கிறார். போன மாதம் நான் பாதி பார்த்த படமோ ஆப்பில் இப்போது இல்லை. அதை எடுத்தவர்களை நான் கேட்கவும் முடியாது.

வேகம் நமக்கு வந்தது, சேமிப்பு நம் கையை விட்டுப் போனது. உங்கள் வீட்டுப் பழைய டிஸ்க்கில் என்ன இருக்கிறது? பழுதாகும் முன் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.